லினக்ஸ் திறக்கவில்லை என்றால் ஃபார்மட்தான் வழியா?

“ஓஎஸ் போயிடுச்சு, ஃபார்மட் அடிச்சாதான் சரியாகும்.” லினக்ஸ் கணினி திறக்கவில்லை என்று சர்வீஸ் கடைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. பெரும்பாலும் தேவையே இல்லாத வேலை. கணினி திறக்காததாலேயே உள்ளே இருக்கும் கோப்புகள் அழிந்துபோவதில்லை. அவை அழிவது, அவசரப்பட்டு ஃபார்மட் செய்யும்போதுதான்.

கோளாறு எங்கே என்பதைத் திரையே ஓரளவு சொல்லிவிடும். பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் உள்ள யூஇஎஃப்ஐ என்ற ஃபர்ம்வேர். அது கிரப் என்ற பூட் நிரலை அழைக்கும். கிரப், லினக்ஸின் மையமான கெர்னலை ஏற்றும். அதன் பிறகுதான் மற்ற சேவைகளும் லாகின் திரையும். கம்பெனி லோகோவே வரவில்லை என்றால் ரேமையோ மின்சாரத்தையோ டிஸ்ப்ளேயையோ பாருங்கள். லினக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. கறுப்புத் திரையில் ‘கிரப்’ என்ற எழுத்து மட்டும் நின்றால், கிரப் தன் கோப்புகளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது. யாரோ பார்ட்டிஷனை அழித்ததோ மாற்றியதோ காரணமாக இருக்கலாம். அப்டேட் செய்த மறுநாள் திறக்கவில்லையா? கணினி விழிக்கும்போதே எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசையைத் தட்டி கிரப் மெனுவை வரவழைத்து, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ வழியாகப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டு போன்றவை முந்தைய கெர்னலையும் வைத்திருப்பது இதற்காகத்தான். ஒன்றரை நிமிடம் எதற்கோ காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போனால், கழற்றிவிட்ட ஒரு டிஸ்க்கின் பெயர், டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்கில் துளி இடம்கூட மிச்சமில்லாததால் லாகின் திரை வராமல் போவதும் உண்டு.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினிகளுக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இந்த இரட்டை ஏற்பாடு புதிதல்ல. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலேயே விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. சிக்கலுக்கு ஓர் உதாரணம்: 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அனுப்பிய ஒரு பாதுகாப்பு அப்டேட், ஓட்டையுள்ள பழைய பூட் நிரல்களைத் தடுப்பதற்காக வந்தது. இரட்டை ஓஎஸ் கணினிகளை அது தொடாமல் விட்டிருக்க வேண்டும். ஆனால் அவற்றில் பலவற்றை அடையாளம் காணாமல், லினக்ஸைத் திறக்கவிடாமல் செய்துவிட்டது. நம்பகமான பூட் நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் அந்தத் தடையை நீக்கிவிட்டு, செக்யூர் பூட்டை மறுபடி இயக்கினால் சரியாகிவிடும். இதற்கு ஃபார்மட் எதற்கு? ஒரே ஓர் எச்சரிக்கை: விண்டோஸ் பகுதியில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், செக்யூர் பூட்டைத் தொட்டதும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதையும் பழுதுபார்ப்பதற்கு முன் கோப்புகளைக் காப்பாற்றிவிட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். இன்னொரு கணினியில் உபுண்டு அல்லது மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் திறந்து, ‘டிரை’ என்ற தேர்வு வந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ‘இன்ஸ்டால்’ பக்கம் கை போகக் கூடாது. உங்கள் ஹோம் ஃபோல்டரைத் திறந்து வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். லக்ஸ் முறையில் பூட்டிய டிஸ்க் என்றால் கடவுச்சொல் வேண்டும். அது மறந்துபோய், சாவிக்கும் நகல் இல்லை என்றால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் கேட்டாலோ நகலெடுப்பது பாதியில் நின்று நின்று போனாலோ உடனே நிறுத்துங்கள். சாகும் டிஸ்க்கில் பிழை திருத்தும் எஃப்எஸ்சிகே நிரலை ஓட்டுவது, மிஞ்சியதையும் கெடுத்துவிடலாம். டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி கொண்டு முழு டிஸ்க்கையும் நகலெடுத்த பிறகே மற்ற வேலை.

கடைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால், திரையில் வந்த பிழைச் செய்தியைப் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். ‘என் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் டிஸ்க்கை ஃபார்மட் செய்யக் கூடாது’ என்று ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் கணினியை விட்டுவிட்டு வராதீர்கள். டிஸ்க்கை மாற்றினால் பழைய டிஸ்க்கைத் திருப்பிக் கேளுங்கள். உங்கள் ஆதார் நகலும் குடும்பப் படங்களும் அதில்தான் இருக்கும்.

பணம் கொடுத்துப் பெறும் பழுதுநீக்கம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி ஒரு சேவை. சொல்லாமல் தரவை அழித்தால் சேவைக் குறைபாடு என்று புகார் செய்யலாம். ரசீது தர மறுப்பதையும், நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலைப் பிறரிடம் வெளியிடுவதையும் நேர்மையற்ற வணிக நடைமுறைகளாகவே அந்தச் சட்டம் சொல்கிறது. நண்பர் இலவசமாகச் செய்துகொடுத்த வேலைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. வாரன்டி உள்ள கணினியை ‘லினக்ஸ் போட்டிருக்கீங்க’ என்று திருப்பி அனுப்பினால், வாரன்டி ஆவணத்தில் அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துப் பேசலாம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமில்லை; வழக்கறிஞர் வைத்துத்தான் வாதாட வேண்டும் என்பதும் இல்லை. ஜாப் ஷீட், ரசீது, பிழைச் செய்தியின் படம், கடையோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை இணைத்து, பிரச்சினை நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.