ஒரே ஸ்டேஜ், வேற வேற ரிசல்ட்: வாய்ப் புற்றுநோயில் நோய் எதிர்ப்பு செல்கள் சொல்வது என்ன?

இரண்டு பேருக்கு வாய்ப் புற்றுநோய். ஒரே ஸ்டேஜ், ஒரே சிகிச்சை. ஒருவர் மீண்டு வருகிறார். இன்னொருவருக்கு நோய் திரும்புகிறது. ஏன் இப்படி?

கட்டி எவ்வளவு பெரியது, நிணநீர் கணுக்களுக்கோ வேறு உறுப்புகளுக்கோ பரவியிருக்கிறதா என்பதை வைத்துத்தான் ஸ்டேஜ் முடிவாகிறது. கட்டியோடு உடல் எப்படிச் சண்டை போடுகிறது என்பது அந்தக் கணக்கில் வராது.

கட்டிக்குள் என்ன நடக்கிறது?

பயாப்ஸி திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், கட்டிக்குள் புகுந்த லிம்போசைட்டுகள் தெரியும். இவற்றில் சிடி8 டி செல்கள் புற்றுநோய் செல்களை நேரடியாகக் கொல்லக்கூடியவை. தலை, கழுத்துப் புற்றுநோயில் இவை அதிகம் இருந்தால், நோயாளி நீண்ட காலம் வாழும் வாய்ப்பும் அதிகம் என்கின்றன பல ஆய்வுகள். ஹெச்பிவி வைரஸால் வரும் தொண்டைப் புற்றுநோய் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

ஓரளவு தெரியும். சிபிசி ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில் 70%, லிம்போசைட் 20% என்றால் விகிதம் 3.5. சிகிச்சைக்கு முன்பே இந்த விகிதம் அதிகமாக உள்ளவர்களுக்கு நோயின் போக்கு பொதுவாக மோசமாக இருக்கிறது.

அதுக்காக உங்க ரிப்போர்ட்டை எடுத்து கணக்குப் போட்டு பயப்பட வேண்டாம். சாதாரண தொற்று, ஸ்டீராய்டு மாத்திரைகூட இந்த எண்ணை ஏற்றிவிடும். புற்றுநோய் உறுதியானவர்களுக்குத்தான் இது ஒரு கூடுதல் குறிப்பு. எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஆபத்து அளவு எதுவும் இன்னும் இல்லை.

வாய்ப்புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லையா? ரத்த ரிப்போர்ட் நார்மலாக இருந்தாலும் டாக்டரைப் பாருங்க.