பள்ளி நூலகமும் ஆபாசச் சட்டமும்

அமெரிக்காவில் ஒரு நூலைச் சட்டப்படி ஆபாசம் என்று முத்திரை குத்துவது எளிதல்ல. 1973இல் மில்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று கேள்விகளை வகுத்தது. சமூகத்தின் அளவுகோலின்படி, நூலை முழுமையாகப் பார்த்தால் அது காம இச்சையைத் தூண்டுவதா? மாநிலச் சட்டம் குறிப்பிடும் பாலியல் செயல்களை அருவருக்கத்தக்க வகையில் சித்திரிக்கிறதா? இலக்கியம், கலை, அரசியல், அறிவியல் எதிலும் அதற்குப் பொருட்படுத்தத்தக்க மதிப்பே இல்லையா? மூன்றுக்கும் ஆம் என்றால் மட்டுமே அது ஆபாசம்.

சிறார் விஷயத்தில் இந்த அளவுகோல் இறுகுகிறது. 16 வயதுச் சிறுவனுக்கு நிர்வாணப் படங்கள் கொண்ட இதழ்களை விற்ற நியூயார்க் மாநிலக் கடைக்காரர் ஒருவரின் வழக்கில், பெரியவர்களுக்கு ஆபாசமாகாத ஒன்று சிறாருக்கு ஆபாசமாகலாம் என்று 1968இல் தீர்ப்பானது.

பள்ளி நூலகம் பற்றிய முக்கிய வழக்கும் அதே மாநிலத்தில்தான் பிறந்தது. 1975 நவம்பரில் ஓரிரவு, ஐலண்ட் ட்ரீஸ் கல்வி வாரிய உறுப்பினர்கள் இருவர் உயர்நிலைப் பள்ளி நூலகத்துக்குச் சென்றனர். தகாதவை என்று ஓர் அமைப்பு தயாரித்திருந்த பட்டியலிலுள்ள ஒன்பது நூல்கள் அங்கே இருப்பதை உறுதிசெய்துகொண்டனர். கர்ட் வானகட்டின் 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்', ரிச்சர்ட் ரைட்டின் 'பிளாக் பாய்' ஆகியவையும் அவற்றில் அடக்கம். வாரியம் அவற்றில் பெரும்பாலானவற்றை அகற்றியது. மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நூலை அகற்றக் கூடாது, கல்விக்குப் பொருந்தாததையும் முழுக்கக் கொச்சையானதையும் அகற்றலாம் என்று 1982இல் உச்ச நீதிமன்ற நீதிபதி பிரென்னன் எழுதினார். ஆனால் அக்கருத்துக்குப் பெரும்பான்மைக்குத் தேவையான ஐந்து நீதிபதிகளின் முழு ஆதரவு கிடைக்கவில்லை. அதனால்தான் அதன் வலிமை பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை.

புதிய மாநிலச் சட்டங்கள் இந்த வாதத்தை மீண்டும் கிளப்பியுள்ளன. பாலுறவுச் செயலை விவரிக்கும் எந்த நூலும் பள்ளி நூலகத்தில் இருக்கலாகாது என்று 2023இல் அயோவா சட்டமியற்றியது. சமய நூல்களுக்கு மட்டும் விலக்கு. அதே ஆண்டு புளோரிடா, பாலியல் நடத்தையை விவரிப்பதாக ஆட்சேபம் எழுந்த நூலை ஐந்து பள்ளி நாட்களுக்குள் எடுத்துவிட வேண்டும், விசாரணை முடியும்வரை அது திரும்ப வரக் கூடாது என்றது. 'முழுமையாக' என்ற அளவுகோல் இங்கே நழுவிவிடுகிறது. ஒரு பத்தியே நூலின் தலையெழுத்தை முடிவுசெய்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான சிறுமியின் கதையும் வெறும் கிளர்ச்சிக்காக எழுதப்பட்டதும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன.

இந்த முறை எதுவரை போகும் என்பதை யூட்டா மாநிலம் காட்டியது. அங்கே டேவிஸ் கல்வி மாவட்டத்தில், நூல் நீக்கச் சட்டத்தை எதிர்த்த ஒருவர் பைபிள் மீதே புகார் கொடுத்தார். 2023இல் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளிலிருந்து பைபிள் எடுக்கப்பட்டது; மேல்முறையீட்டுக்குப் பின் சில வாரங்களில் திரும்ப வைக்கப்பட்டது.

தம் பிள்ளை என்ன படிக்கிறது என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. வயதுக்கேற்ற தேர்வு நூலகரின் கடமையும்கூட. அதற்கு வழி உண்டு: புகார் எழுத்தில் வரட்டும், நூலகர், ஆசிரியர், பெற்றோர் அடங்கிய குழு நூலை முதலிலிருந்து கடைசிவரை படிக்கட்டும், முடிவு வரும்வரை நூல் அலமாரியிலேயே இருக்கட்டும். தம் பிள்ளைக்கு ஒரு நூல் வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெற்றோருக்கு உண்டு. ஊரார் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து அதை மறுக்கும் உரிமை எவருக்கும் இல்லை.