உங்களுக்குத் தெரியுமா? முக்கோணம் போடும் கணக்கு

● அஸ்திவாரக் கயிறு கட்டும் மேஸ்திரி, மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறிப்பார். இரண்டு குறிகளுக்கும் இடையே 5 அடி இருந்தால் மூலை சரியான செங்கோணம். கூடினால் மூலை விரிந்திருக்கிறது; குறைந்தால் ஒடுங்கியிருக்கிறது. பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றம்தான் இது. பெரிய மனைக்கு 6, 8, 10 என்று இரட்டித்தால் துல்லியம் கூடும்.

● கோணல்மாணலான நிலத்தையும் முக்கோணங்களாகப் பிரித்தால் பரப்பு கிடைத்துவிடும். அடிப்பக்கத்தை உயரத்தால் பெருக்கிப் பாதியாக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் போதும். இங்கிலாந்தின் எட்மண்ட் கன்டர் வகுத்த நில அளவைச் சங்கிலியின் நீளம் 66 அடி. 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அதில் நூறில் ஒரு பங்குதான் நாம் பத்திரத்தில் எழுதும் சென்ட், அதாவது 435.6 சதுர அடி.

● 1802 ஏப்ரல் 10 அன்று, சென்னை பரங்கிமலைப் பக்கம் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சுமார் 12 கி.மீ. நீளக் கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களைக் கணக்கிலேயே கண்டுபிடிக்கலாம். அந்தப் பக்கங்கள் அடுத்த முக்கோணங்களுக்கு அடிக்கோடாகும். இப்படியே தொடர்ந்த முக்கோணங்கள் இமயம் வரை போயின. அந்த அளவைப் பணியில் இருந்த கணித அறிஞர் ராதாநாத் சிக்தர் போட்ட கணக்கில், எவரெஸ்ட்தான் உலகின் மிக உயர்ந்த சிகரம் என்பது தெரியவந்தது. 1856-இல் அறிவித்த உயரம் 29,002 அடி. இன்றைய அளவுக்கும் அதற்கும் வித்தியாசம் சுமார் 30 அடிதான்!

● நான்கு கம்பிகளை முனைகளில் ஆணியால் இணைத்த சட்டம், பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை குறுக்கே ஒரு கம்பி கொடுத்து இரண்டு முக்கோணங்களாக்குங்கள், அசையாது. மூன்று பக்க நீளமும் முடிவாகிவிட்டால் முக்கோணத்தின் கோணம் மாற வழியே இல்லை. மின்கோபுரங்களிலும் ரயில் பாலங்களிலும் குறுக்குக் கம்பிகள் நிறைந்திருப்பது இதனால்தான்.

● நான்கு கால் மேசை கரடுமுரடான தரையில் ஆடும்; முக்காலி ஆடாது. எந்த மூன்று புள்ளிகளும் ஒரே தளத்தில் அமையும் என்பதே காரணம். கணினி விளையாட்டுகளில் வரும் உருவங்களைப் பெரும்பாலும் சிறுசிறு முக்கோணங்களால் கட்டுவதற்கும் இதுவே அடிப்படை.

● ஏறாமலே தென்னையின் உயரத்தை அளக்கலாம். வெயிலில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். குச்சியின் நிழல் 0.8 மீட்டர், அதே நேரத்தில் மரத்தின் நிழல் 12 மீட்டர் என்றால், 12-ஐ 0.8-ஆல் வகுங்கள்: மரம் 15 மீட்டர். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு செய்து பாருங்கள். குச்சியும் மரமும் தத்தம் நிழலோடு அமைக்கும் வடிவொத்த முக்கோணங்கள் அவர்களுக்கு மறக்கவே மறக்காது.