கைபேசிக்குள் ஒரு மாநகரசபை

இலங்கையின் வவுனியா நகரசபை மாநகரசபையாகத் தரமுயர்ந்து, 2025 மே மாதத் தேர்தலில் உறுப்பினர்களும் தெரிவானார்கள். இத்தகைய சபையின் இணையத்தளம் யாருக்காக? முகப்பை அடிக்கல் நாட்டிய படங்கள் நிறைத்தால் அது விழா மலர்தான். சோலைவரி கட்டுபவருக்கும் கட்டட அனுமதி கேட்பவருக்கும் வேண்டியது படிவம், கட்டணம், எத்தனை நாள் எடுக்கும் என்பது. ஏ9 வீதியால் வந்திறங்கும் பயணிக்கோ பேருந்து நேரமும் கழிப்பறையும். இவை தமிழிலும் சிங்களத்திலும், படமாக அல்ல, தேடினால் அகப்படும் எழுத்தாக இருக்கவேண்டும்.

எல்லாரிடமும் ஸ்மார்ட்போன் இல்லையே என்பார்கள். உண்மைதான், ஆனால் திருத்தமான பக்கம் ஒன்று இருந்தால், அதையே அச்சிட்டுக் கிராம அலுவலரின் அறிவித்தல் பலகையில் ஒட்டலாம். ஆளணி போதாது என்பதும் பாதி நியாயமே. ஆயினும், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி சபைகளையும் கட்டுப்படுத்துகிறது; ஆகவே தகவல் தருவது சபையின் விருப்பமல்ல, கடமை.