ஜெயித்து ஜெயித்தே கவிழ்ந்த கிளப்

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்)

"ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கேட்டதோடு சரி. அளக்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கால்பந்து கிளப்பின் கதையை இங்கே சொல்லப் போகிறேன்.

தோற்றுத் தோற்றுக் காணாமல் போன கிளப்புகள் உலகத்தில் எத்தனையோ. அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் சொல்லப் போகும் கிளப் தொடர்ந்து மூன்று வருடம் சாம்பியன் ஆனது. நாட்டின் மிகப் பெரிய கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனது. கடைசி சாம்பியன் பட்டம் வாங்கிப் பதினாறு மாதத்துக்குள் அந்தக் கிளப்பே இல்லை! அதன் பெயர் கிரெட்னா.

எல்லை ஓரத்து ஊர்

ஸ்காட்லாந்தின் தெற்குக் கோடியில், இங்கிலாந்து எல்லையை ஒட்டி இருக்கிறது கிரெட்னா. மக்கள் தொகை மூவாயிரத்துக்கும் குறைவு. இதன் பக்கத்திலேயே உள்ள கிரெட்னா கிரீன் வேறு ஒரு விஷயத்துக்குப் புகழ் பெற்றது. 1754-ல் இங்கிலாந்தில் ஒரு திருமணச் சட்டம் அமலுக்கு வந்தது. 21 வயது ஆகாதவர்களின் கல்யாணத்துக்குப் பெற்றோர் சம்மதம் தேவை என்றது அந்தச் சட்டம். ஸ்காட்லாந்தில் அந்தத் தொல்லை இல்லை. எனவே காதல் ஜோடிகள் எல்லை தாண்டி ஓடி வந்து, அங்கிருந்த கொல்லன் பட்டறையில் கல்யாணம் செய்து கொண்டார்கள். நம் சினிமாக்காரர்களுக்குத் தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்!

இந்த ஊரில் 1946-ல் தொடங்கப்பட்ட கிளப் பல காலம் இங்கிலாந்தின் சிறு லீக்குகளில்தான் ஆடி வந்தது. 2002-ல் ஏர்ட்ரியோனியன்ஸ் என்ற பழைய ஸ்காட்லாந்து கிளப் கடனில் மூழ்கி மூடப்பட்டது. லீக்கில் ஓர் இடம் காலியானது. அந்த இடத்துக்கு விண்ணப்பித்து உள்ளே வந்தது கிரெட்னா. கடனால் அழிந்த ஒரு கிளப்பின் நாற்காலியில்தான் இது வந்து உட்கார்ந்தது என்பதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

அந்தக் காலகட்டத்தில் கிளப்புக்கு ஒரு வள்ளல் கிடைத்தார். பெயர் புரூக்ஸ் மைல்சன். வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லேண்டுக்காரர். சிறு வயதில் முதுகெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்து, பிறகு எழுந்து ஓட்டப் பந்தய வீரராகவே ஆனவர். சொந்த உழைப்பால் தொழிலதிபர் ஆனவர். கால்பந்து என்றால் அவருக்கு உயிர். சொந்தப் பணத்தை எடுத்துக் கிளப்பில் போட ஆரம்பித்தார்.

கிடுகிடுவென ஏற்றம்

ஸ்காட்லாந்தில் அப்போது நான்கு படிகள். அடியில் மூன்றாம் டிவிஷன், அதற்கு மேல் இரண்டாம் டிவிஷன், முதல் டிவிஷன், உச்சியில் பிரீமியர் லீக். கீழ்ப் படிகளில் ஆடுபவர்களில் பலருக்குப் பகலில் வேறு வேலை இருக்கும். சாயங்காலம் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். அப்படிப்பட்ட இடத்தில் கிரெட்னா பெரிய அளவில் செலவு செய்து நல்ல ஆட்டக்காரர்களைச் சேர்த்தது. விளைவைப் பாருங்கள்.

2004-05: மூன்றாம் டிவிஷன் சாம்பியன். 36 ஆட்டங்களில் 32 வெற்றி, 130 கோல், 98 புள்ளி. கென்னி டியூச்சர் என்ற முன்கள ஆட்டக்காரர் ஒரே சீசனில் 6 முறை ஹாட்ரிக் அடித்தார். அவர் ஒரு டாக்டர் என்பது கூடுதல் செய்தி!

2005-06: இரண்டாம் டிவிஷன் சாம்பியன். அதே சீசனில் ஸ்காட்டிஷ் கோப்பையின் இறுதி ஆட்டம். மூன்றாவது படியில் இருந்த ஓர் அணி அந்த இறுதி ஆட்டத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. 2006 மே 13 அன்று ஐம்பதாயிரம் பேருக்கு மேல் பார்க்க, ஹார்ட்ஸ் என்ற பெரிய கிளப்புடன் 1-1 என்று சமன் செய்து, பெனால்டியில்தான் தோற்றார்கள்.

2006-07: முதல் டிவிஷன் சாம்பியன். கடைசி நாள் ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் ஜேம்ஸ் கிரேடி அடித்த கோல்தான் பட்டத்தை வாங்கிக் கொடுத்தது. கிரெட்னா பிரீமியர் லீக்கில்!

எப்படி இருக்கிறது? பேப்பரில் படிப்பவர்களுக்குத் தேவதைக் கதை. ஆனால் நான் சிவில் படிப்பவன். இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது வேறு. ஒரு மாடிக்குப் போட்ட அஸ்திவாரத்தின் மேல் வருடத்துக்கு ஒரு மாடியாக நாலு மாடி எழுப்பினால் என்ன ஆகும்? கட்டி முடித்த அன்று கட்டிடம் நன்றாகத்தான் தெரியும்.

அஸ்திவாரம் எது?

ஒரு கிளப்பின் வருமானம் என்றால் என்ன? டிக்கெட் பணம், விளம்பரப் பணம், லீக் கொடுக்கும் டெலிவிஷன் பங்கு, ஆட்டக்காரரை வேறு கிளப்புக்கு விற்றால் கிடைக்கும் தொகை. இவ்வளவுதான். இதில் சின்ன கிளப்புக்கு நிலையாக வருவது டிக்கெட் பணம்.

இப்போது கிரெட்னாவின் கணக்கைப் போடுங்கள். ஊரில் உள்ள கைக்குழந்தை முதல் கொள்ளுப்பாட்டி வரை அத்தனை பேரும் டிக்கெட் வாங்கினாலும் மூவாயிரம் டிக்கெட் தேறாது. அதே பிரீமியர் லீக்கில் ஆடிய செல்டிக் கிளப்பின் மைதானத்தில் சுமார் 60,000 பேர் உட்காரலாம். எத்தனை கோல் அடித்தாலும் ஊரின் ஜனத்தொகை கூடுமா? வெற்றி வந்தால் வருமானம் தானாக வரும் என்ற நம்பிக்கை பெரிய நகரத்தில் ஓரளவு பலிக்கலாம். சின்ன ஊரில் அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு.

செலவு அப்படி இல்லை. செலவில் மிகப் பெரியது ஆட்டக்காரர் சம்பளம். அதை ஏற்றுவது சுலபம், இறக்குவது கஷ்டம். ஆட்டக்காரரிடம் இரண்டு வருடம், மூன்று வருடம் என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. நடுவில் "பணம் இல்லப்பா, பாதிச் சம்பளம் வாங்கிக்கோ" என்று சொல்ல முடியாது. வேறு கிளப்புக்கு விற்கலாம் என்றால் அதற்கும் வருடத்தில் குறிப்பிட்ட சில வாரங்கள்தான் அனுமதி. ஆகவே வரவு குறைந்த அன்றே செலவு குறையாது. அந்த இடைவெளியில்தான் கடன் குட்டி போடுகிறது.

ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு, அந்தக் கண்டத்துக் கால்பந்துச் சங்கம் 2022-ல் ஒரு விதி கொண்டு வந்தது. ஆட்டக்காரர்களுக்காகச் செய்யும் செலவு, படிப்படியாகக் குறைந்து, வருமானத்தில் 100-க்கு 70-ஐத் தாண்டக் கூடாது என்பதே அது. அளந்து போடு என்று நம் பாட்டி சொன்னதைத்தான் அவர்கள் சதவீதத்தில் சொல்கிறார்கள்.

ஜெயித்ததால் வந்த செலவு

இனிதான் கதையின் முக்கியமான இடம். படி ஏற ஏற, கிரெட்னாவின் செலவு இன்னும் கூடியது. பிரீமியர் லீக்கின் அப்போதைய விதிப்படி மைதானத்தில் 6,000 இருக்கைகள் இருக்க வேண்டியிருந்தது. கிரெட்னாவின் ரேடேல் பார்க் மைதானம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. எனவே 2007-08 சீசனில் மதர்வெல் என்ற ஊரின் ஃபிர் பார்க் மைதானத்தைக் கேட்டு வாங்கி அங்கே ஆடினார்கள். அது கிரெட்னாவிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல்!

யோசித்துப் பாருங்கள். சொந்த ஊர் ஆட்டம் என்று பெயர். ஆனால் சொந்த ஊர்க்காரன் பஸ் பிடித்துப் போக வேண்டும். வாடகை ஒரு பக்கம், பயணம் ஒரு பக்கம். இருந்த கொஞ்சம் டிக்கெட் வருமானமும் தேய்ந்தது. 2008 ஏப்ரலில் இன்வர்னஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 431 பேர். பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்றுக்கு அதற்கு முன் அவ்வளவு குறைவாகக் கூட்டம் வந்ததே இல்லை. இரண்டு வருடம் முன்னால் ஐம்பதாயிரம் பேர் நடுவே ஆடிய அதே கிளப்!

வரவா, கைமாத்தா?

அப்படியானால் அத்தனை வருடம் சம்பளம் எங்கிருந்து வந்தது? மைல்சன் பையிலிருந்து. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறோம்.

எங்கள் வீட்டில் கணக்குப் படித்தவர்கள் யாரும் கிடையாது. காலேஜ் வாசலை மிதித்ததே நான்தான் முதல் ஆள். ஆனால் என் அம்மாவுக்கு ஒரு கணக்கு தெரியும். சித்தப்பா ஒரு மாசம் ஐநூறு ரூபாய் கொடுத்து உதவினால் அதை அரிசிக்கோ மருந்துக்கோ எடுப்பார். அந்தப் பணத்தை நம்பிச் சீட்டுச் சேர மாட்டார். கேட்டால், "அது வரவு இல்லடா, வந்தது. அடுத்த மாசம் வருமான்னு யாருக்குத் தெரியும்? சீட்டு மாசாமாசம் கட்டணுமே" என்பார். தானமாக வரும் பணத்தை ஒரு முறை செய்யும் செலவுக்கு எடுக்கலாம். மாதாமாதம் கட்ட வேண்டிய செலவை அதன் தலையில் வைக்கக் கூடாது. கிரெட்னா செய்தது இதற்கு நேர்மாறு.

2008 தொடக்கத்தில் மைல்சன் கடுமையாக நோய்வாய்ப்பட்டார். பணம் வருவது நின்றது. ஒரே தூணில் நின்ற கட்டிடம், தூண் சரிந்தது. 2008 மார்ச்சில் கிளப் நிர்வாகியின் கைக்குப் போனது. அதாவது, கடனைக் கட்ட முடியாத கம்பெனியை ஒரு கணக்கு நிபுணர் பொறுப்பெடுத்து, வாங்க ஆள் கிடைக்குமா என்று பார்ப்பார். அதற்குத் தண்டனையாக 10 புள்ளிகள் பறிக்கப்பட்டன. கடன் ஏறக்குறைய 40 லட்சம் பவுண்டு என்று கணக்கானது. மிச்சமிருந்த ஆட்டங்களை முடிக்கவே லீக் பண உதவி செய்ய வேண்டியிருந்தது. 13 புள்ளிகளுடன் கடைசி இடம். வாங்க ஆள் வரவில்லை. ஜூனில் லீக்கிலிருந்து விலகினார்கள். ஆகஸ்டில் கிளப் கலைக்கப்பட்டது. அந்த நவம்பரில் மைல்சனும் காலமானார்.

மைல்சனைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் சுருட்டவில்லை, கொடுத்தார். ஆனால் நல்ல மனசு இருந்தால் கணக்கு தானாகச் சரியாகிவிடாது. ஆட்டக்காரர்களாவது வேறு கிளப் தேடிக் கொள்வார்கள். டிக்கெட் கிழிப்பவர், புல் வெட்டுபவர், டீ போடுபவர், அலுவலகத்தில் டைப் அடிப்பவர் எங்கே போவார்கள்? ஒரு கிளப் கவிழும்போது பேப்பரில் வருவது கேப்டனின் படம். வேலை போகும் இவர்கள் பெயர் எதிலும் வராது.

ஹார்ட்ஸ் ஏன் பிழைத்தது?

ஒரு கேள்வி வரும். கிரெட்னாவைக் கோப்பையில் ஜெயித்த ஹார்ட்ஸ் கிளப்பும் 2013-ல் இதே போலக் கடனில் விழுந்து நிர்வாகியின் கைக்குப் போனதே, அது மட்டும் எப்படிப் பிழைத்தது?

அங்கே அஸ்திவாரம் இருந்தது. எடின்பரோ நகரத்து ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, மாதாமாதம் ஆளுக்கு ஒரு சிறு தொகை கட்டினார்கள். கிளப் எழுந்தது. 2021-ல் பெரும்பான்மைப் பங்கே ரசிகர் அமைப்பின் கைக்கு வந்தது. ஒருவர் கொடுத்த கோடி, அவர் படுத்ததும் நின்று போகிறது. ஆயிரம் பேர் கொடுக்கும் பத்து பத்து ரூபாய், பத்து பேர் விட்டாலும் நிற்காது. தனித் தூணுக்கும் அகலமான அஸ்திவாரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

லீக்கில் கிரெட்னா விட்டுப் போன இடத்துக்குப் பக்கத்து ஊரான அன்னான் கிளப் வந்தது. ஏர்ட்ரியோனியன்ஸ் விழுந்த நாற்காலியில் கிரெட்னா உட்கார்ந்தது போலவே.

சரி, கிரெட்னா ரசிகர்கள்? அழுதுகொண்டு உட்காரவில்லை. அதே வருடம் 'கிரெட்னா 2008' என்று புதுக் கிளப் தொடங்கி, அடிமட்ட லீக்கிலிருந்து ஆரம்பித்தார்கள். 2010-ல் பழைய ரேடேல் பார்க்குக்கே திரும்பினார்கள். பெரிய கோப்பை இல்லை, ஐம்பதாயிரம் பேர் இல்லை. ஆனால் ஊர்ப் பிள்ளைகள் ஊர் மைதானத்திலேயே ஆடினார்கள்.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் பட்டறை வைப்போம், சிலர் காண்ட்ராக்ட் எடுப்போம், சிலர் ஊர் விளையாட்டுக் கழகத்துக்குச் செயலாளர் ஆவோம். யாராவது ஒரு நல்லவர் பெரிய தொகையோடு வருவார். வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. வாங்கி, மைதானத்துக்குச் சுவர் கட்டுங்கள், பந்து வாங்குங்கள், பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுங்கள். மாதச் சம்பளத்தை மட்டும் நம் சொந்த வரவுக்குள் வைத்துக் கொள்ளுங்கள். அந்தப் பணம் நாளைக்கு நின்றாலும் மறுநாள் காலையில் மைதானத்தின் கதவு திறக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.