உஷார்! ‘என் கேமை டெஸ்ட் பண்ணித் தாங்க’

வேலை முடிந்து வந்து, ராத்திரியில் யூடியூப் பார்த்துப் பார்த்து கோடோட், யூனிட்டியில் கேம் செய்யப் பழகுகிறீர்களா? உங்களைக் குறிவைத்தே ஒரு கும்பல் அலைகிறது!

டிஸ்கார்டில் தெரிந்த நண்பரிடமிருந்து மெசேஜ் வரும். “சின்னதா ஒரு கேம் செஞ்சிருக்கேன். ஆடிப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்றியா?” கூடவே ஒரு ஸிப் ஃபைல், அதைத் திறக்க ஒரு பாஸ்வேர்ட். ஒருவர் கேமை இன்னொருவர் ஆடிப் பார்த்துக் குறை சொல்லித்தான் எல்லோரும் கற்றுக்கொள்கிறோம். அந்த நல்ல பழக்கத்திலேயே கண்ணி வைக்கிறார்கள். ஸிப்புக்கு எதற்குப் பாஸ்வேர்ட்? பூட்டிய ஃபைலுக்குள் ஆன்டிவைரஸால் எட்டிப் பார்க்க முடியாது. அதற்குத்தான்!

ஓட்டினால் ஏதோ ‘எரர்’ காட்டும், அல்லது ஒன்றுமே நடக்காது. அதற்குள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் லாகின் குக்கீகளும் பறிபோயிருக்கும். குக்கீ கிடைத்துவிட்டால், பல தளங்களில் பாஸ்வேர்டோ ஓடிபியோ இல்லாமலே உங்கள் கணக்குக்குள் நுழைந்துவிடலாம். அடுத்து உங்கள் பெயரில் உங்கள் நண்பர்களுக்கு அதே மெசேஜ் பறக்கும். உங்களுக்கு அனுப்பிய நண்பரும் இப்படிக் கணக்கைப் பறிகொடுத்தவராகவே இருக்கலாம்.

2024 நவம்பரில் செக் பாயின்ட் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் ‘காட்லோடர்’ என்ற மால்வேரை அம்பலப்படுத்தியது. கோடோட் எஞ்சினின் ஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்ட அது, 17,000-க்கும் மேற்பட்ட கணினிகளில் புகுந்திருந்தது. பெரும்பாலான ஆன்டிவைரஸ்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. கிட்ஹப்பில் பொய் ஸ்டார்களைக் குவித்து, நம்பகமான பக்கம் போலக் காட்டித்தான் பரப்பினார்கள். எஞ்சின் மேல் குற்றமில்லை. முன்பின் தெரியாத ஃபைலை ஓட்டுவதுதான் ஆபத்து.

‘ஓட்ட மாட்டேன், சோர்ஸை மட்டும் திறந்து பார்க்கிறேன்’ என்பதும் காப்பாற்றாது. யூனிட்டியிலும் கோடோட்டிலும் புராஜெக்டைத் திறந்ததுமே எடிட்டருக்குள் ஓடும்படி ஸ்கிரிப்ட் எழுதலாம். காசு கொடுத்து வாங்க வேண்டிய அசெட்டுகளை ‘இலவசம்’ என்று தரும் திருட்டுத் தளங்களிலும் இதே அபாயம் உண்டு.

என்ன செய்ய வேண்டும்?

* அனுப்பியவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். குரலைக் கேட்காமல் திறக்காதீர்கள்.
* இட்ச்.ஐஓ தளத்தில், பிரவுசரிலேயே ஆடும்படி ஏற்றச் சொல்லுங்கள். கேம் ஆட டிஸ்கார்ட் லாகின் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.
* இறக்கித்தான் ஆட வேண்டுமென்றால், பாங்க், மெயில் எதுவும் இல்லாத தனிக் கணினியில் ஆடுங்கள்.
* உங்கள் புராஜெக்டுக்கு வெளி டிரைவில் ஒரு பிரதி வைத்து, டிரைவைக் கழற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்களா? உடனே நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு கணினியிலோ போனிலோ இருந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றி, ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். அப்போதுதான் திருடிய குக்கீ செல்லாமல் போகும். பணம் போயிருந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் நேரம் கடத்தாமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

உண்மையான நண்பர், “நீதானா அனுப்பினாய்?” என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். தயங்காமல் கேளுங்கள்!