எடைக்குப் போன சேம்பர்

கடலோர நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பரிசீலித்துக்கொண்டிருந்தபொழுது, 2023 ஆம் ஆண்டு வவுச்சர்களுக்கிடையே இரண்டு சீட்டுகள் என் கண்ணில் பட்டன. ஒன்று, நூல் பொதி ஏற்றும் சங்க வேனின் இயந்திர எண்ணெய்த் தொட்டியை, அதாவது பட்டறைக்காரர் ‘சேம்பர்’ என்று சொல்லும் பாகத்தை, புதிதாக மாற்றிய பில். மற்றொன்று, கழற்றிய பழைய சேம்பரை இரும்புக் கடையில் எடைக்குப் போட்டு வரவு வைத்த ரசீது. கணக்கில் ஒரு காசும் பிசகில்லை. ஆயினும் 2017 இல் வாங்கிய வண்டியின் சேம்பர் ஆறே ஆண்டுகளில் துருவேறி ஓட்டையாவானேன் என்ற கேள்வி என்னை விடவில்லை.

சேம்பர் என்பது இயந்திரத்தின் அடியில் பொருத்தப்பட்ட எஃகுத் தகட்டுத் தொட்டி. அதன் உட்புறத்தை எண்ணெயே காக்கிறது. வெளிப்புறத்துக்கு வண்ணப்பூச்சைத் தவிர வேறு காப்பில்லை. பூச்சு மெலிந்த இடத்தில் சேறும் உப்பு ஈரமும் தங்கினால், முதலில் பூச்சு கொப்பளிக்கும். பின்பு தகடு செதில் செதிலாக உதிரும். முடிவில் எண்ணெய் கசியும். கசிவைக் கவனியாது ஓட்டினால் எண்ணெய் அழுத்தம் குன்றி, தாங்குருளைகள் தேய்ந்து, இயந்திரமே இறுகி நின்றுவிடும். அப்பொழுது செலவு சேம்பரோடு நிற்காது.

சில மாதங்களுக்குப் பின், உள்நாட்டிலுள்ள விவசாயிகள் சங்கம் ஒன்றிலும் அதே மாடல், அதே ஆண்டு வேன் ஒழுகத் தொடங்கியது. கடற்காற்று படாத ஊர்! குனிந்து பார்த்தேன். அடிச்சட்டமும் வில் பட்டைகளும் திடமாயிருந்தன. சேம்பரின் வளைவு மட்டும் அரித்திருந்தது. கல் மோதிய பள்ளமோ, ஸ்பானர் வழுக்கிய கீறலோ அங்கில்லை. முதற் சங்கத்து ஓட்டுநரை விசாரித்தேன். “ஐயா, எங்கள் வண்டியிலும் அந்த வளைவில்தான் ஒழுகியது” என்றார்.

பராமரிப்பில் குறையென்றால் இரு வேறு ஊர்களில், இரு வேறு ஓட்டுநர்களிடம், ஒரே இடத்தில் துரு வருவது அபூர்வம். தயாரிப்பில் குறையிருக்கலாம் என ஐயுற இடமுண்டு. ஐயத்தை நிரூபிக்கப் பொருள் வேண்டுமே. முதற் சங்கத்தின் பொருள்தான் எடைக்குப் போய்விட்டது.

இதில் நமக்கு நேர்ந்த நஷ்டம் பெரிது. 2019 ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110-ஏ பிரிவு, சுற்றுச்சூழலுக்கோ ஓட்டுநருக்கோ சாலையில் செல்வோருக்கோ தீங்கு தரக்கூடிய குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு தயாரிப்பாளருக்கு உத்தரவிட மத்திய அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிறது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் அமலில் உள்ளன. உரிமையாளர்கள் அனுப்பும் புகார்களின் எண்ணிக்கையும் கணக்கில் கொள்ளப்படுகிறது. ஆனால் ஏழு ஆண்டுக்குட்பட்ட வாகனங்களுக்கே அவ்விதி பொருந்தும். 2023 இல் நம் வேனுக்கு வயது ஆறு. அன்று ஒரு புகார் எழுதியிருந்தால் அது எண்ணிக்கையில் சேர்ந்திருக்கும். நுகர்வோர் ஆணையத்தை நாடவும் காலவரம்பு இரண்டே ஆண்டுகள். அங்கும் வியாபார நோக்கத்துக்கு வாங்கிய வண்டி என்ற ஆட்சேபம் எழக்கூடும்.

புகார்களுக்குப் பலனுண்டா என்று சில அங்கத்தினர் கேட்கின்றனர். அமெரிக்காவில் 1998 முதல் 2003 வரையிலான மாடல் ஃபோர்டு வின்ட்ஸ்டார் வேன்களின் பின் அச்சு துருவேறி முறிவதாகப் புகார்கள் சேர்ந்தன. பனி உருக்கச் சாலையில் உப்பு தூவும் குளிர் மாநிலங்களில் ஓடிய வண்டிகள் அவை. 2010 இல் அந்நிறுவனம் அவற்றைத் திரும்ப அழைத்தது. அப்பொழுது அவ்வேன்களுள் மிகப் புதியதற்கே வயது ஏழு இருக்கும்.

விவசாயிகள் சங்கத்துக் காரியதரிசி, நான் கேட்டுக்கொண்டபடி, கழற்றிய சேம்பரைச் சாக்கில் சுற்றிக் கிடங்கில் பூட்டிவைத்தார். படங்கள், சேசிஸ் எண், எண்ணெய் மாற்றிய தேதிகள் யாவும் சேர்த்துத் தயாரிப்பாளருக்குப் பதிவுத் தபால் போயிற்று. உத்தரவாதக் காலம் கடந்துவிட்டது என்று முதலில் இரண்டு வரிப் பதில் வந்தது. இரண்டாவது கடிதத்துக்குப் பின் அவர்களுடைய பொறியாளர் நேரில் வந்து, தகட்டின் கனத்தை அளந்து, “மற்ற வண்டியின் சேம்பர் எங்கே?” என்று வினவினார். விவசாயிகள் சங்கத்துக்குப் பாகத்தின் விலை கிடைத்தது. நெசவாளர் சங்கத்தின் வரவில் பழைய இரும்பின் விலை மட்டுமே நிற்கிறது.